வளர்த்த அம்மம்மாவா, பெற்ற தகப்பனா? பிள்ளையின் கட்டுக்காவலை நீதிமன்றம் எப்படித் தீர்மானிக்கிறது

அந்த அம்மா கொண்டுவந்த கடைப்பையில் எல்லாம் இருந்தது. பேரனின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, முன்பள்ளியில் கீறிய படங்கள், முதலாம் தர, இரண்டாம் தர முன்னேற்ற அறிக்கைகள், அடியில் மகளின் இறப்புச் சான்றிதழ். மகள் இறந்தபோது பேரனுக்கு ஒன்றரை வயது. மருமகன் வேலை தேடி முதலில் கொழும்புக்கும் பிறகு கட்டாருக்கும் போனார். சில காலம் காசு வந்தது, பிறகு அது குறைந்து நின்றுபோனது. ஆறு வருடம் கழித்து மறுமணம் செய்துகொண்டு ஊருக்கு வந்து, பிள்ளையைத் தரும்படி வாசலில் நின்றார்.

“ஆறு வருசமா நான்தான் பாத்தனான். அவருக்கு இப்ப என்ன உரிமை இருக்கு, சொல்லுங்கோ தம்பி.”

சட்டத்தரணியாக இந்தக் கேள்வியைப் பல குரல்களில் கேட்டிருக்கிறேன். (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.) நேர்மையான பதில் அவர் கேட்க விரும்பிய பதில் அல்ல. உரிமை என்று பார்த்தால் அது தகப்பனிடம்தான் இருக்கிறது. அம்மம்மாவுக்கோ அப்பப்பாவுக்கோ பேரப்பிள்ளை மீது தனியான உரிமை எதையும் எங்கள் சட்டம் கொடுக்கவில்லை. ஆனாலும் இப்படியான வழக்குகளில் பேரன்மார் பேத்திமாரை வளர்த்தவர்கள் வெல்வதும் உண்டு. அது எப்படி என்பதைத்தான் இங்கே எழுத முயல்கிறேன்.

முதலில் எந்த நீதிமன்றம் என்பது. ‘குடும்ப நீதிமன்றம்’ என்ற பெயரை 1978 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க நீதித்துறைச் சட்டம் கொண்டுவந்தது. அந்தப் பெயர்ப் பலகையைத் தேடி அலையத் தேவையில்லை. நடைமுறையில் அந்த நியாயாதிக்கத்தைப் பிரயோகிப்பது மாவட்ட நீதிமன்றமே. விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தால் பிள்ளையின் கட்டுக்காவலையும் அதே வழக்கில் கேட்கலாம், தீர்ப்பு வரும்வரை இடைக்காலக் கட்டளையும் பெறலாம். பொலிஸ் நிலையம் கட்டுக்காவலைத் தீர்மானிக்கும் இடம் அல்ல. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சிறுவர் மகளிர் பணியகத்தில் இரண்டு பகுதியையும் இருத்தி, ஒரு தாளில் கையெழுத்து வாங்கி, பிள்ளையைக் கைமாற்றிவிட்ட பிறகு என்னிடம் வருபவர்கள் அநேகர். அந்தத் தாள் நீதிமன்றக் கட்டளை ஆகாது. ஆனால் அடுத்த தரப்பு அதைச் சாட்சியாகக் காட்டும். அவசரத்தில் வைத்த கையெழுத்து பின்னால் வந்து குறுக்கே நிற்கும்.

சட்டத்தின் அடித்தளம் ரோமன் டச்சுச் சட்டம். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற அந்தச் சட்டத்தில், திருமணம் நிலைத்திருக்கும்போது தகப்பனே பிள்ளையின் இயற்கைப் பாதுகாவலர், கட்டுக்காவலிலும் அவருக்கே முன்னுரிமை. பிள்ளையின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஒழுக்கத்துக்கோ ஆபத்து என்று காட்டினால்தான் அதை அசைக்கலாம் என்பது பழைய நிலைப்பாடு. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையென்றால் உரிமை தாய்க்கு. பெற்றோரில் ஒருவர் இறந்தால் மற்றவர். இந்த வரிசையில் பேரன் பேத்தியை வளர்ப்பவர் எங்குமே இல்லை. சட்டத்தின் கண்ணில் பிள்ளையைத் தூக்கி வளர்த்த அம்மம்மாவும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரே வகை: இருவரும் மூன்றாம் தரப்பு.

ஆனால் அதே ரோமன் டச்சுச் சட்டம், பராயமடையாத எல்லாப் பிள்ளைகளுக்கும் நீதிமன்றமே மேல்நிலைப் பாதுகாவலர் என்றும் சொல்கிறது. கதவு திறப்பது இந்த இடத்தில்தான். தகப்பனுக்கு உரிமை இருந்தாலும் அதற்கு மேலே நீதிமன்றம் இருக்கிறது, அது பிள்ளையின் நலனைப் பார்க்கிறது. கடந்த பல தசாப்தங்களில் தகப்பனின் முன்னுரிமை என்ற பேச்சு மெல்லப் பின்னுக்குப் போய், பிள்ளையின் நலன் என்ற பேச்சு முன்னுக்கு வந்திருக்கிறது. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதைவிட நீதிமன்றத்தில் நேரடியாகக் கைகொடுப்பது 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம். ஐசிசிபிஆர் சட்டம் என்றால் எல்லோருக்கும் தெரியும், ஆனால் வேறு காரணத்துக்காக: வெறுப்புப் பேச்சு, கைது, பிணை. அதே சட்டத்தின் 5 ஆம் பிரிவில், பிள்ளைகள் சம்பந்தப்பட்ட எல்லா விடயங்களிலும், நீதிமன்றங்கள் உட்பட, பிள்ளையின் அதிசிறந்த நலனே மேலோங்கிய முக்கியத்துவம் பெறவேண்டும் என்று எழுதப்பட்டிருப்பது பலருக்குத் தெரியாது. பேரப்பிள்ளைக்காக வாதாடும்போது நான் முதலில் வைப்பது இதைத்தான்.

இந்த இடத்தில் யாழ்ப்பாணத்துக் கட்சிக்காரர் யாராவது கட்டாயம் தேசவழமையை இழுப்பார். “எங்கட தேசவழமைப்படி பிள்ளை தாய்வழிக்குத்தானே?” இது முழுக் கற்பனை அல்ல. 1707 இல் ஒல்லாந்தருக்காகத் தொகுக்கப்பட்ட தேசவழமையில், மனைவியை இழந்த தகப்பன் இரண்டாந்தாரம் கட்ட விரும்பினால், சிறு பிள்ளைகளை மாமியாரோ நெருங்கிய உறவினரோ எடுத்து வளர்ப்பது வழக்கம் என்று இருக்கிறது. அதோடு, இறந்த மனைவி கொண்டுவந்த சீதனம் முழுவதையும், அந்தத் திருமண காலத்தில் தேடிய சொத்தில் பாதியையும் தகப்பன் பிள்ளைகளோடு சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும் என்றும் இருக்கிறது. முந்நூறு வருடத்துக்கு முந்திய அந்த ஏற்பாட்டின் கூர்மையை நான் பலமுறை வியந்திருக்கிறேன். பிள்ளையோடு பிள்ளைக்குரிய சொத்தும் போகவேண்டும், சித்தியின் கைக்குப் போய்விடக்கூடாது என்ற யோசனை அதில் இருக்கிறது.

ஆனால் இன்றைய நீதிமன்றத்தில் அது வழக்கை வென்றுதராது. தேசவழமை இன்று பெரும்பாலும் சொத்து பற்றிய சட்டம். அந்தப் பகுதியும் 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் பெருமளவு மாற்றப்பட்டுவிட்டது. பிள்ளையின் கட்டுக்காவல் என்று வந்தால் வடக்கிலும் தெற்கிலும் ரோமன் டச்சுச் சட்டமும் பிள்ளையின் நலனும்தான் பேசும். முஸ்லிம்களின் நிலை வேறு. அவர்களுக்குத் தனியார் சட்டம் பொருந்துகிறது. ஷாபி மரபில் சிறு பிள்ளையை வைத்து வளர்க்கும் உரிமை தாய்க்கு அடுத்தபடி தாயின் தாய்க்கே போகிறது. அதாவது உம்மம்மாவுக்குச் சட்டத்தில் ஒரு இடம் இருக்கிறது, அம்மம்மாவுக்கு இல்லை. இந்தக் கட்டுக்காவல் வழக்குகளும் காதி நீதிமன்றத்தில் அல்ல, மாவட்ட நீதிமன்றத்திலேயே தீர்க்கப்படுகின்றன.

சரி, உரிமை இல்லாதவர் எதைக் காட்டவேண்டும்?

இங்கேதான் பெரும்பாலான வழக்குகள் தவறான பாதையில் போகின்றன. அந்த அம்மாவின் முதல் சத்தியக்கடதாசியை வேறு யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான்கு பக்கம். அதில் மூன்று பக்கம் மருமகனைப் பற்றியது: குடித்தார், மகளை அடித்தார், சீதனக் காணியை விற்கச் சொன்னார், முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வரவில்லை. பிள்ளையைப் பற்றி ஒரே ஒரு பந்தி. நீதிபதி இதை வாசிக்கும்போது அவருக்குத் தெரிவது மாமியாருக்கும் மருமகனுக்கும் இடையிலான கோபம். மகளை அடித்தார் என்பது முக்கியமானதுதான். அது பிள்ளையின் பாதுகாப்பைத் தொடுகிறது, அதற்கு வைத்திய அறிக்கையோ பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியோ இருந்தால் அதை முன்வைக்க வேண்டும். கிரியைக்கு வரவில்லை என்பது பிள்ளையின் நலன் பற்றி எதுவும் சொல்லாது.

நாங்கள் அதைத் திருப்பி எழுதினோம். காலையில் யார் எழுப்புகிறார், பாடசாலைக்கு எவ்வளவு தூரம், யார் கூட்டிப்போகிறார், முட்டு வந்தால் எந்த வைத்தியசாலைக் கிளினிக், இரவில் யாரோடு படுக்கிறான், ஒழுங்கையில் விளையாடுகிற பிள்ளைகள் யார். படங்கள், அட்டைகள், வரவுப் பதிவேட்டின் பிரதி எல்லாம் அப்போதுதான் பேசத் தொடங்கின. ஆறு வருட வளர்ப்பு அம்மம்மாவுக்கு உரிமையைச் சம்பாதித்துக் கொடுக்கவில்லை. அந்த ஆறு வருடத்தில் பிள்ளைக்கு ஒரு வாழ்க்கை உருவாகியிருக்கிறது, அதை ஒரே நாளில் பிடுங்கினால் பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதே நீதிமன்றத்தின் முன்னுள்ள கேள்வி. இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். வழக்கு திரும்புவது இதில்தான்.

நீதிமன்றம் வழக்கமாக நன்னடத்தை உத்தியோகத்தரிடம் அறிக்கை கேட்கும். அவர் இரண்டு வீட்டுக்கும் வருவார். பெரும்பாலும் சொல்லிவிட்டு வருவார், சில வேளை சொல்லாமலும் வரலாம். பிள்ளை படுக்கும் இடம், படிக்கும் மேசை, மலசலகூடம், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், அயலவர் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பார். ஆசிரியரிடமும் கிராம அலுவலரிடமும் கதைப்பார். அம்மம்மாவின் வயதும் சுகமும் கட்டாயம் எழுதப்படும். “எனக்கு ஒண்டுமில்லை, நான் நல்லா இருக்கிறன்” என்று சொல்லி நீரிழிவு மாத்திரைகளை ஒளிப்பதில் பயனில்லை. தனக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பார் என்பதற்குப் பதில் வைத்திருப்பதே நல்லது. அந்த அம்மாவின் விடயத்தில் திருமணமாகாத இளைய மகள் வீட்டிலேயே இருந்தார், அவரும் ஒரு சத்தியக்கடதாசி கொடுத்தார். வறுமை மட்டும் காரணமாகப் பிள்ளை எடுக்கப்படுவதில்லை. அதேபோல், கட்டாரிலிருந்து கொண்டுவந்த காசு மட்டும் காரணமாகப் பிள்ளை கொடுக்கப்படுவதும் இல்லை. மறுமணமும் தன்னளவில் தகப்பனுக்கு எதிரானது அல்ல. அந்தப் பெண் பிள்ளையை எப்படி ஏற்கிறார் என்பதைத்தான் பார்ப்பார்கள். ‘சித்தி வந்தால் கொடுமைதான்’ என்று சாட்சிக்கூண்டில் சொன்னால், அது சினிமாவில் பார்த்தது என்பது எல்லோருக்கும் விளங்கும்.

பிள்ளையிடமும் கேட்பார்கள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளையென்றால் நீதிபதி தன் அறைக்குக் கூப்பிட்டு, இரண்டு பகுதியும் இல்லாமல் கதைப்பது உண்டு. பிள்ளை சொல்வது இறுதி முடிவு அல்ல, ஆனால் பாரம் உள்ளது. வயது கூடக் கூட அந்தப் பாரமும் கூடும். சொல்லிக்கொடுத்து அனுப்ப வேண்டாம் என்று கட்சிக்காரரிடம் நான் கெஞ்சாத குறை. ஏழு வயதுப் பிள்ளை ‘அப்பா பொறுப்பற்றவர்’ என்று சொன்னால், அந்தச் சொல் யாருடையது என்று கண்டுபிடிக்கச் சட்டப் படிப்புத் தேவையில்லை.

வழக்கு நடக்கும்போது பிள்ளையைப் பார்க்க மற்றப் பகுதியை விடாமல் தடுப்பது, திடீரென்று பாடசாலை மாற்றுவது, உறவினர் வீட்டில் ஒளித்துவைப்பது ஆகிய மூன்றும் வளர்ப்பவர்களே தங்களுக்குச் செய்துகொள்ளும் கெடுதல். பிள்ளையை ஒளித்துவைத்தால் தகப்பன் ஆட்கொணர் மனுவோடு போகலாம். அரசியலமைப்பின் 141 ஆம் உறுப்புரையின் கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும், 13 ஆம் திருத்தத்தின் பிறகு மாகாண மேல் நீதிமன்றத்துக்கும் அந்த அதிகாரம் இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காக எங்கள் தாய்மார் ஏறிய அதே படி இது. அங்கேயும் பிள்ளையின் நலன் பார்க்கப்படும், ஆனால் ஒளித்தவர் என்ற பெயரோடுதான் அம்மம்மா போய் நிற்கவேண்டி வரும்.

வெளிநாட்டுக்குப் போன தாய்மாரின் பிள்ளைகள் தனி அத்தியாயம். 2013 இலிருந்து வீட்டுப் பணிக்காக வெளிநாடு செல்லும் பெண்களிடம் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்கப்பட்டது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போகமுடியாது என்றிருந்ததை 2022 இல் இரண்டு வயதாகக் குறைத்தார்கள். அந்த அறிக்கையில் பிள்ளையைப் பார்ப்பவர் என்று பெரும்பாலும் எழுதப்படுவது அம்மம்மாவின் பெயர். அதை வைத்துப் பொறுப்பு தனக்குச் சட்டப்படி வந்துவிட்டது என்று பல அம்மம்மாக்கள் நினைக்கிறார்கள். இல்லை. தாய் எழுதிக் கொடுத்த கடிதமும், சமாதான நீதவான் முத்திரை குத்திய தாளும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் சம்மதம் மட்டுமே. பெற்றோரில் ஒருவர் வந்து கேட்டால் அந்தச் சம்மதம் கரைந்துவிடும். தாய் வெளிநாட்டில் இருக்கும்போது தகப்பன் பிள்ளையைக் கேட்டால், தாயே நீதிமன்றத்தின் முன் தரப்பாக வருவது நல்லது. அம்மம்மா தனியே நின்றால் மூன்றாம் தரப்பு, தாயின் சார்பில் நின்றால் கதை வேறு.

கட்டுக்காவல் வழக்கைத் தவிர வேறு வழிகளும் உண்டு. பெற்றோர் இருவரும் இல்லை, அல்லது பிள்ளை துன்புறுத்தப்படுகிறது என்றால், 1939 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின்கீழ் நீதவான் பிள்ளையை ‘தகுந்த ஆள்’ ஒருவரிடம் ஒப்படைக்கலாம். அந்த ஆள் உறவினராகவும் இருக்கலாம். அவசரமான துன்புறுத்தல் என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். இறந்த பெற்றோரின் ஊழியர் சேமலாப நிதி, நட்டஈடு, காணி என்று பிள்ளையின் பெயரில் சொத்து இருந்தால், குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின்கீழ் அதற்குப் பொறுப்பாளரை நியமிக்கும்படி மாவட்ட நீதிமன்றத்தில் கேட்கலாம். போருக்குப் பிறகு வன்னியில் இந்த வழி பலருக்குத் தேவைப்பட்டது.

மகவேற்பு பற்றியும் கேட்கிறார்கள். 1941 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்கீழ் பேரப்பிள்ளையைச் சுவீகரிக்கலாம். பெற்றோரின் சம்மதம் வேண்டும், பிள்ளை பத்து வயதைத் தாண்டியிருந்தால் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். ஆனால் அது திரும்ப முடியாத பாதை. பெற்ற தாய் உயிரோடு இருந்தால், சட்டத்தின் கண்ணில் அவள் தன் பிள்ளைக்கே அக்காவாகிவிடுவாள். பாடசாலை அனுமதிக்காகவும் கடவுச்சீட்டுக்காகவும் இதைச் செய்ய வந்தவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இன்னொரு விடயத்தை விட்டுவிடக்கூடாது. பிள்ளை அம்மம்மாவிடம் இருக்கிறது என்பதால் தகப்பனின் செலவுப் பொறுப்பு போய்விடாது. 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்கீழ் பிள்ளையின் சார்பில் நீதவான் நீதிமன்றத்தில் கேட்கலாம். ‘காசு கேட்டால் பிள்ளையைக் கேட்பார்’ என்ற பயத்தில் பலர் வருடக்கணக்காகக் கேட்பதில்லை. பயம் நியாயமானதுதான். ஆனால் கேட்கப்படாத தாபரிப்பு பின்னால் ‘நானும் அனுப்பத் தயாராகத்தான் இருந்தேன், அவர்கள் கேட்கவில்லை’ என்று மாறி வருவதையும் பார்த்திருக்கிறேன்.

மறுபக்கமும் உண்டு. பிள்ளை பெற்றோரிடம் இருக்கிறது, அப்பம்மாவைப் பார்க்க விடுகிறார்கள் இல்லை. பேரப்பிள்ளையைப் பார்க்கும் உரிமை என்று தனிச் சட்டப் பிரிவு எங்களிடம் இல்லை. இங்கேயும் வழி ஒன்றுதான்: பார்ப்பது பிள்ளைக்கு நல்லது என்று காட்டுவது. மகன் இறந்தபின் மருமகள் தொடர்பை அறுத்துவிட்ட குடும்பங்களில் இது பெரும் நோவு. நீதிமன்றத்துக்குப் போகுமுன் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரை வைத்துக் கதைத்துப் பார்க்கச் சொல்வேன். வழக்குப் போட்ட மாமியாரோடு மருமகள் பிறகு ஒருநாளும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. காசு இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளைகள் இருக்கின்றன.

புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கு ஒரு எச்சரிக்கை. தகப்பனுக்குத் தெரியாமல் பிள்ளையை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து அம்மம்மாவிடம் விட்டால், அந்த நாடும் இலங்கையும் சர்வதேசச் சிறுவர் கடத்தல் பற்றிய ஹேக் சமவாயத்தால் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டிருக்கும் பட்சத்தில், 2001 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பிள்ளையைத் திருப்பி அனுப்பும்படி கேட்கலாம். அப்போது இங்குள்ள நீதிமன்றம் யாரிடம் பிள்ளை நன்றாக வளரும் என்று விசாரிக்காது. வழமையாக வாழ்ந்த நாட்டுக்கு அனுப்புவதா இல்லையா என்பதே விசாரணை.

அந்த அம்மாவின் வழக்கில் நன்னடத்தை அறிக்கை இரண்டு வீட்டையும் நல்லதென்றே சொன்னது. தகப்பன் கெட்டவர் அல்ல, ஆறு வருடம் இல்லாதவர். பேரன் அவரை ‘மாமா’ என்று கூப்பிட்டான். மூன்று தவணைக்குப் பிறகு நீதிபதி இடைக்காலக் கட்டளை ஒன்று போட்டார்: கல்வியாண்டு முடியும்வரை பிள்ளை அம்மம்மாவோடு, சனிக்கிழமை காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை தகப்பனோடு, டிசெம்பர் விடுமுறையில் ஒரு வாரம் தகப்பன் வீட்டில், பிறகு புதிய அறிக்கை. மாதம் ஒரு தொகையைத் தகப்பன் கட்டவேண்டும். கட்டுக்காவல் கட்டளை எதுவும் கல்லில் செதுக்கியது அல்ல, நிலைமை மாறினால் எந்தப் பகுதியும் திரும்ப வந்து மாற்றக் கேட்கலாம் என்று இருவருக்கும் விளங்கப்படுத்தினேன்.

வெளியே மரத்தடியில் கட்டளையை ஒருமுறை தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“சனிக்கிழமை பத்து மணியெண்டு போட்டிருக்கு. எங்கட பக்கம் பஸ் பத்தேகாலுக்குத்தான் தம்பி. பதினொண்டாக்கலாமோ?”

பதினொன்றாக்கக் கேட்டோம். தகப்பனின் சட்டத்தரணி ஆட்சேபிக்கவில்லை.